யாருக்கு இடது

ஆணை அரைப் பக்கம்தான்.
லிஸ்பனிலிருந்து போர்த்தோ போகும் ரயிலின் உணவுப் பெட்டிக்கு
உப்புக்கும் மிளகுக்கும் சேர்த்து ஒரே குப்பி.
மேசை குறுகல், இரண்டுக்கு இடமில்லை.
ஒரு கையால் எடுக்க வேண்டும்,
மறு கை கோப்பையைப் பிடித்திருக்கும்,
வண்டி ஆடும்.

வரைபவர் எவரிஸ்தோ.
பீங்கான் ஆலையில் அச்சு செய்பவள் நான், லியோனில்டே.
ஜன்னலுக்கு வெளியே உப்பளம்;
காற்றிலேயே பாதி உப்பு.
மிளகு மூட்டையில் வரும்.
எங்கிருந்து என்று மூட்டைமேல் எழுதியிருக்கும்,
படித்ததில்லை.

முதலில் அவர் வரைந்தது இருதலைக் குப்பி.
இந்த முனை உப்பு, அந்த முனை மிளகு.
நிமிர்த்தி வைத்த இடத்தில் அடித்தலை கசிந்து
விரிப்பில் கருப்பாய் ஒரு வட்டம் போட்டது.
அடுத்தது ஒரே மூடி, நடுவில் சுவர்.
உப்பு கேட்டவருக்கு மிளகும் விழுந்தது.
மேலாளர் நான்கு முறை தும்மிவிட்டு
"யோசியுங்கள்" என்றார்.

மூன்றாவதற்குத் தலை மொட்டை.
துளைகள் தோள்களில்.
இடப்பக்கம் சாய்த்தால் உப்பு
வலப்பக்கம் சாய்த்தால் மிளகு.
நல்ல யோசனை என்று
எவரிஸ்தோவே சொல்லிக்கொண்டார்.

இதைத் திருமணத்துக்கு உவமை சொல்ல வந்தவர்களை
பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.
சுவர் என்றால் சுவர்.
மூன்று மில்லிமீட்டர்.
யார் கண்ணிலும் படாத அதற்குத்தான்
பதினோரு நாள் போனது.
அச்சில் ஊற்றிய களிக்குழம்பு
ஓரத்தில் சீக்கிரம் இறுகும், நடுவில் தாமதிக்கும்.
பிறகு சூளை, ஆயிரத்து நானூறு டிகிரியில்,
உள்ளே இருப்பதை வெளியே எழுதிவிடும்:
வெள்ளை வயிற்றில் மேலிருந்து கீழாக
நகத்துக்கு மட்டும் தெரிகிற ஒரு கோடு.
தேய்க்கச் சொன்னார்.
தேய்த்தேன்.
அடுத்த சூட்டில் திரும்பி வந்தது.

சோதனை, ஆலை உணவகத்தில், வியாழக்கிழமை.
பொதி கட்டும் ஸுல்மீரா இந்தப் பக்கம்,
லாரி ஓட்டும் அன்செல்மு எதிரே,
நடுவில் குப்பி.
"உப்பு எந்தப் பக்கம்?"
"இடது" என்றார் எவரிஸ்தோ.
இருவரும் ஒருவர் பின் ஒருவராய்
தத்தம் இடது பக்கம் சாய்த்தார்கள்.
ஸுல்மீராவின் மீனுக்கு உப்பு.
அன்செல்முவின் சூப்பில்
கருமேகம்.
"யாருக்கு இடது?" என்றார், இருமி முடித்து.

யாரும் பேசவில்லை.
இரண்டு மாதமாக, எல்லா வரைபடங்களிலும்,
எவரிஸ்தோ மேசையின் ஒரே பக்கத்தில்
உட்கார்ந்திருந்தார்.

எழுத்துப் பொறித்தால் அழகு கெடும் என்றார்.
நான் ஒன்றும் பொறிக்கவில்லை.
மிளகுத் தோளுக்கு மட்டும்
மெருகு பூசாமல் சூளைக்கு அனுப்பினேன்.
பூனை நாக்குபோல் வந்தது.
எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும்
கட்டைவிரல் கண்டுபிடிக்கும்.

அறுநூறு குப்பிகள் போயின.
மார்ச்சில் என் காசில் சீட்டு எடுத்து ஏறினேன்.
குயிம்ப்ரா தாண்டியதும் எதிரே ஒருவர்,
கண் செய்தித்தாளில்,
கை தானாகக் குப்பிக்குப் போனது.
விரல் தோளில் நகர்ந்தது, நின்றது,
குப்பியைத் திருப்பியது,
சொரசொரப்பைக் கண்டது,
சாய்த்தது.
எனக்கு மூச்சே வரவில்லை.

வெள்ளையாய் விழுந்தது.

முட்டையைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார்.
மறு தோளைச் சாய்த்தார்.
அங்கேயும் உப்பு.
அவர் என்னைப் பார்த்தபோது
நான் வெளியே யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் இரண்டு தக்கைகள்,
இரண்டும் ஒரே அளவு, ஒரே வட்டம்.
அடுக்களைப் பெட்டியில், ஆடும் வண்டியில்,
விடியற்காலை ஐந்து மணிக்கு
அறுநூறையும் கவிழ்த்துவைத்து நிரப்புகிற பையன்
எந்த மேசையிலும் உட்காராதவன்.

பையில் பென்சில் இருந்தது.
சீட்டின் பின்பக்கம் வரைந்தேன்:
ஒரு தக்கை வட்டம்,
ஒன்று சதுரம்.
வண்டி ஆடியதில் சதுரம்
கோணலாக வந்தது.