தன்மை ஒருமை

இன்னொருவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்பது என் தொழில்.
க்டான்ஸ்க் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
பதினோரு வருடம் முன்பு சத்தியம் செய்தவள்.

மல்ஹாஸ், கப்பல் பட்டறை வெல்டர்,
தரையைப் பார்த்து ஜார்ஜிய மொழியில் சொன்னான்.
நீதிபதியைப் பார்த்து போலிஷில் சொன்னேன்:
"பீர்க் குவளையால் அடித்தேன்.
ஒருமுறை. இல்லை, இரண்டு முறை."

போலிஷில்
அடித்தது ஆணா பெண்ணா என்பதை
வினையின் வாலே காட்டிக்கொடுத்துவிடும்.
பழக்கதோஷம், என் வாய்
பெண்வாலை ஒட்டிவிட்டது.
எழுத்தரின் விரல்கள் நின்றன.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"அடித்தது யார்?"
பதிவேட்டில் திருத்தினார்கள்.
நாக்கில் இன்னும் திருத்தவில்லை.

சண்டை ஒரு நாற்காலிக்காக.
நாற்காலிகூட இல்லை,
அதன்மேல் கிடந்த ஈரக் கோட்டுக்காக.
"தொட்டான். எதையோ சொல்லி இளித்தான்"
என்றான் ராடெக், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.
முன்னாள் ஓட்டுநர்.
இடது கண் போனபின் தூரம் பிடிபடுவதில்லை,
தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறான்,
மகள் நீட்டும் பென்சிலுக்குக் காற்றைப் பிடிக்கிறான்.
இதையெல்லாம் அவன் சொல்லவில்லை,
மருத்துவச் சான்றிதழ் சொன்னது.
நான் அதையும் வாசித்தேன்,
ஜார்ஜியத்தில், மல்ஹாஸின் காதருகில்.

"என்ன சொன்னாய் கோட்டைத் தொட்டபோது?"
"ஷெனி ச்சிரிமே."

ரொட்டிக்கடையில் சில்லறை கேட்கும்போது சொல்வோம்.
பேருந்தில் நகரச் சொல்லும்போது,
பிள்ளையைத் தூங்கவைக்கும்போது.
அடிக்குறிப்பு போட எனக்கு உரிமை இல்லை.
"உன் நோவு எனக்கு" என்றேன்.
அரசு வழக்கறிஞர் பேனாவை மூடாமல் கேட்டார்:
"நோவா? மிரட்டலா இது, சாபமா?"

இரண்டு வருடம் நான்கு மாதம்.
நாற்பதாயிரம் ஸ்வோட்டி இழப்பீடு.
முடிந்ததும் நாடுகடத்தல்.
பட்டறை மறுநாளே பெயரை அடித்துவிட்டது,
விடுதிக் கட்டிலில் வேறொருவன் படுத்துவிட்டான்,
அவனுடைய பூட்ஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

இழுத்துப்போகும் முன் மல்ஹாஸ் திரும்பினான்,
ராடெக்கின் பக்கம்.
"ஷெனி ச்சிரிமே."
இந்தமுறை அறையில் யாரும் கேட்கவில்லை,
நான்தான் கடமையாகச் சொன்னேன்:
"உன் நோவு எனக்கு வரட்டும்."

ராடெக் யோசித்தான்.
"வேண்டாம். உனக்காவது ரெண்டும் இருக்கட்டும்."

இதை எந்தக் குரலில் பெயர்ப்பது?
பரிகாசமா என்று முகத்தைத் தேடினேன்,
முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது.
குரலே இல்லாமல் சொல்லிமுடித்தேன்.
மல்ஹாஸ் அழுததா, இருமியதா,
அது மொழி அல்ல, என் பொறுப்பில் வராது.

மாலை ட்ராமில் தெரியாத எண் அழைத்தது.
ஸெஸ்டபோனியிலிருந்து லாமாரா.
காகிதம் ஒன்றில் என் எண்ணைக் கண்டாளாம்.
நார்வே போகும் கப்பலில் இருக்கிறேன்,
கடலில் சிக்னல் கிடைக்காது
என்று சொல்லியிருக்கிறான் கணவன்,
மார்ச்சிலேயே.
"கரைக்கு வந்துவிட்டாரா? நீங்கள் கூட வேலை செய்பவரா?"

சத்தியம் நீதிமன்றப் படியோடு முடிகிறது.
எதையும் கூட்டலாம். எதையும் குறைக்கலாம்.
அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி
இரண்டு முறை சொன்னது.
எங்கள் மொழியின் வினைக்கு
ஆண்வாலும் இல்லை, பெண்வாலும் இல்லை.

"நான் க்டான்ஸ்கில்தான் இருக்கிறேன், லாமாரா"
என்றேன்.
"ஒருவனை அடித்துவிட்டேன்."

மறுமுனையில்
திறந்த குழாய் ஒன்று
நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.