பல்லைக் கடித்துக்கொண்டு

டுலூத்தில் எந்தத் தெருவில் ஓர் ஆரஞ்சை நழுவவிட்டாலும்
அது ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.
அப்படியொரு தெருவின் பாதியில், இரவு இரண்டரைக்கு,
மூக்கை மேட்டுப்பக்கம் தூக்கியபடி
செத்துக் கிடந்தது அந்தக் கார்.
பனி வழிக்கும் வண்டி வருவதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஆர்வில் போலியூ. பேக்கரி ஷிப்டுக்குக் கிளம்பியவர்.
"ஒரு மணி நேரமாக இழுக்கிறேன்.
பார்க்கை விட்டு வரமாட்டேன் என்று
ஒற்றைக்காலில் நிற்கிறது."
கியர்க் குமிழில் அவர் கையுறையின் நூல்
பிய்ந்து தொங்கியது.

நல்லவேளை வரவில்லை, என்றேன்.
கைபிரேக்?
கம்பி துருப்பிடித்து மூன்று குளிர்காலம் ஆகிறதாம்.
அப்படியானால் இந்த ஒன்றரை டன்னையும்
இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பது
உள்ளே ஒரே ஒரு பல்.
சுண்டுவிரல் அளவு இரும்பு.
முரண்டு இல்லை அது, மிஸ்டர் போலியூ.
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

சுண்டுவிரலைப் பற்றி எனக்குத் தெரியும்.
என் இடக்கையில் அது பாதிதான்.
போன மார்ச்சில், இதற்கு இரண்டு தெரு தள்ளி,
கட்டை வைக்காமல் ஒரு வேனை விடுவித்தேன்.
ஒரு வேலியையும் ஒரு தபால்பெட்டியையும் தாண்டித்தான் நின்றது.
வேலிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பினார்.
தபால்பெட்டிக்காரர் வழக்குப் போட்டார்.

ஆகவே முதலில் கட்டை.
பின்சக்கரம் இரண்டுக்கும், பள்ளத்துப் பக்கம்,
காலால் உதைத்து, நம்பாமல் இன்னொரு உதை.
பிறகு கொக்கி. பிறகு வின்ச்.
ஓர் அங்குலம். மேல்நோக்கி மட்டும்.
வடம் முறுக்கேறி முனகியது.
பாரம் இப்போது என் லாரியிடம்.
பல்லுக்கு இன்னும் சேதி போகவில்லை.

அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன்.
பிரேக்கை மிதியுங்கள்,
எஞ்சின் இல்லாத பெடல் கல்லாயிருக்கும்,
கல்லையே மிதியுங்கள்.
மறுபக்கக் கதவு வழியே குனிந்து
கியருக்கு அருகே நகமளவு மூடியை நெம்பினேன்.
அடியில் துளை நிறையச் சர்க்கரை.
எத்தனை விடியற்காலை டோனட்டோ!
ஸ்குரூடிரைவரால் சுரண்டி,
அழுத்திப் பிடித்து,
ம், என்றேன்.

சத்தமே இல்லை.
வெண்ணெயில் கத்தி போல
நியூட்ரலுக்கு வந்தது குமிழ்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
பாரத்தோடு பிடுங்கியிருந்தால் இந்தத் தெருவே
விளக்கைப் போட்டிருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.

கார் மேடையேறியது.
நான்கு மூலைக்கும் சங்கிலி.
கட்டைகளை எடுத்த இடத்தில்
பனியில் இரண்டு முக்கோணக் குழி.

இப்போது அவர் என் பக்கத்து இருக்கையில்,
ஹீட்டருக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு.
லாரி மேட்டைச் சுற்றித் திரும்பி
ஏரியைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.
ஒவ்வொரு குறுக்குத்தெரு விளக்கிலும்
அவர் வலதுகால்
ரப்பர் விரிப்பை அழுத்தி மிதித்தது.
அங்கே பெடல் இல்லை.

எடுங்கள் என்று
நான் சொல்லவில்லை.