ஜீப்பு வெள்ளி

"வானியல் துறையில் வேலைவாய்ப்பு" என்று
முன்கூட்டியே யாரோ கரும்பலகையில் எழுதியிருந்தார்கள்.
வானியல் மட்டும் பெரிதாக.
இடம் போதாமல் வாய்ப்பு
சட்டத்தோரம் நசுங்கிக் கிடந்தது.

கம்பம்மெட்டு அடிவாரம். பதினொன்றாம் வகுப்பு.
மத்தியானச் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை.
புரொஜெக்டருக்குக் கரண்ட் இல்லை. வாயால் சொன்னேன்:
நான் கண்ணாடி கழுவுகிறவள்.
ஆள் உயரத்துக்கும் அகலமான தொலைநோக்கிக் கண்ணாடி.
பூச்சு மங்கினால் உரித்துவிட்டு
மறுபடி அலுமினியம் பூசுவோம்.
கூரையைத் திருப்பும் மோட்டாருக்கு ஒரு ஃபிட்டர் உண்டு,
விடிய விடிய விழித்திருக்க ஆள் உண்டு.

மொக்கராஜ் எழுந்தான்.
"விஞ்ஞானி ஆகணும்னா எத்தன வருசம் மிஸ்?"
"பன்னெண்டு முடிச்சு இன்னொரு பதினொண்ணு."
"அதுவரைக்கும் கஞ்சி?"
வகுப்பு சிரித்தது.
உதவித்தொகை பற்றிச் சொன்னேன்,
அது மூன்று மாதம் பிந்தி வருவதையும் சேர்த்து.

பேச்சை மாற்ற,
விடிவெள்ளி பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு கை.
டவுன் பள்ளிகளில் மூன்று தேறும்.
"அது ஜீப்பு வெள்ளி மிஸ்."
நாலரைக்கு ஏலக்காட்டு ஜீப்பு ஆரன் அடிக்க
அம்மாக்கள் தூக்குவாளியோடு ஓடுவார்களே, அப்போது நிற்பது.
ஜீப்பு மேற்கே மலையாளத்துக்கு ஏறும்.
வெள்ளி கிழக்கே.

சுருளீஸ்வரி கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
கங்காணி நாளைக் குறைத்து எழுதுகிறான் என்று
அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் குறித்த பக்கங்கள்.
ஓரத்தில், சும்மா:
தை எட்டு. தண்ணித் தொட்டிக்கு மேலே நாலு விரல்.
மாசி மூணு. ரெண்டு விரல்.
மாசி பதினேழு. மேகம்.
மாசி இருபது. அந்தப் பக்கம் ஹர்த்தால், ஜீப்பு வரல. வெள்ளி வந்துச்சு.
பங்குனி ஆறு. தொட்டிக்குக் கீழே.
அப்புறம் வெறும் கோடு, கோடு, கோடு.

மேகம் என்றால் மேகம் என்றே எழுதியிருந்தாள்.
பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள்
வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

வெள்ளி எங்கே போச்சு என்று கேட்பாள் என நினைத்தேன்.
"இப்படி எழுதி வைக்கிறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

குடுப்பாங்க.

என் முகத்தையே பார்த்தாள்.
மேட்டில் ஜீப்புகள் இறங்கும் சத்தம் கேட்டது.
நோட்டில் ஒரு வெற்றுப் பக்கம் பிரித்து,
பேனா மூடியைப் பல்லால் கழற்றி,
"மாசம் எத்தனாந்தேதி மிஸ்?"