நல்ல தண்ணீர்

தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில்
பதினெட்டு வருஷம் மேடேறிய ஜீப்பு
மூக்கையூர் மணலில் வந்து நின்றபோது
அதன் அடிவயிற்றில் மலைச் செம்மண்
கட்டிகட்டியாய் ஒட்டியிருந்தது.
சுரண்டிப் போட்டேன். வாசலில் கால்கூடைச் சிவப்பு.
சீட்டு மடிப்பில் ஏழு காப்பிக்கொட்டை.

எங்கே முட்டினான், எப்படி ஓட்டினான்,
ஆயில் மாற்றினானா, மாற்றியதாய்ச் சொன்னானா,
எதுவும் தெரியாது.
விற்றவன் சொன்னது, "ஒரு குறையும் இல்லக்கா."
அந்த 'இல்ல'வை நம்பாமல்தான்
ஒவ்வொரு நட்டாகத் தொட ஆரம்பித்தேன்.

சாயல்குடி மெக்கானிக் காதர் மீரா
அடியில் நுழைந்து வெளியே வந்து
கையைத் துடைத்தபடி சொன்னான்:
"மலையில உடையும். இங்க உடையாதுக்கா, கரையும்."

ஞாயிறு, பூசை முடிந்ததும்
கிரீஸ் கன்னை நிப்பிளில் கவ்வவிட்டு
பழையது புழுவாய் நெளிந்து வெளியேறும்வரை அழுத்துவேன்.
பேட்டரி முனைக்கு வாசலின்,
மகள் தன் உதட்டுக்கு வாங்கியது.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு வாரத்துக் கச்சான் காற்று கொட்டும்.
அச்சுக்கூட்டின் மூச்சுக்குழாயை நீட்டி
பானட்டுக்குள் உயர்த்திக் கட்டியிருக்கிறேன்,
அலை ஏறினாலும் உப்பைக் குடிக்காதிருக்க.
நாலுசக்கர லிவரை
தேவைப்படாத வாரத்திலும் ஒருதரம் போட்டு எடுப்பேன்.
பேச்சு விட்டுப்போனால் அதுவும் முறைத்துக்கொள்ளும்.

இதிலெல்லாம் சண்டை இல்லை. தண்ணீரில்தான்.

ஊர்க்கிணறு உப்பு.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
கரையிலிருந்து ஐஸ்பெட்டி ஏற்றிவந்த வண்டியைக்
கிணற்றுத் தண்ணீரில் கழுவினால்
அது கழுவல் இல்லை, ஊறுகாய்.
நல்ல தண்ணீரை எடுத்தால்
"உலைக்கே இல்ல, இரும்புக்கு ஞானஸ்நானமா?"
என்பார் ராயப்பன், வலைக்குள்ளிருந்து தலை நிமிராமல்.

ஒருநாள் பின்தட்டுப் பலகையைக் கழற்றினேன்.
ஓட்டைத் தகடு மட்டும் மிச்சம்.
சுற்றிலும் கிழிந்த தார்ப்பாய்.
அன்றிலிருந்து நாலு பேரும்
ஜீப்பின் மேல் நின்றுதான் குளிக்கிறோம்.
தலையில் கவிழ்த்த குடம்
முதுகு வழியே, கணுக்கால் வழியே,
ஓட்டை வழியே சேஸிசுக்கு இறங்குகிறது.
ஸ்பிரிங் பட்டைகளில் சோப்பு வாசம்.
பக்கத்து வீட்டு மெட்டில்டா
ஊரைக் கூட்டிச் சிரித்தாள்.
இரண்டு மாதம் கழித்து
அவர்கள் லோடு ஆட்டோவைச் சுற்றியும் ஒரு பாய் தொங்கியது.
நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

மீன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
நடக்காதவற்றை எழுதிவருகிறேன்.
பிப்ரவரி நாலு: ஃபேன் பெல்ட்டில் கீறல், மாற்றியாச்சு.
அது எந்த வளைவில் அறுந்திருக்கும்,
எத்தனை பெட்டி நண்டு நாறியிருக்கும்,
எழுத இடமில்லை.
லாபத்திலும் சேராது, நட்டத்திலும் சேராது.
வியாபாரிகள் யாருக்கும்
இந்தப் பக்கத்தைக் காட்டியதில்லை.

போன ஆடியில் ஒன்பது நாள் லாரி வரவில்லை.
முகம் கழுவவே யோசித்தோம்.
பத்தாம் நாள் டிரைவர் கதவுக்கு அடியில் விரலை விட்டேன்.
சிவப்பாய் ஏதோ ஒட்டியது.
மலைமண் இன்னும் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.
முகர்ந்தேன்.
மண் இல்லை.

உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாள் வைத்தே தேய்த்தேன், தகடு மின்னும்வரை.
ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு.
காய்ந்ததும் இன்னொன்று.
நோட்டில், "நடந்தது. ஒரு ரூபாய் அளவு."

அடுத்த ஞாயிறு லாரி வந்தது.
சின்னவனைத் தூக்கி
அந்தக் கதவுப் பக்கமாய் நிறுத்தி
குளிப்பாட்டினேன்.