ஒன்றா, இரண்டா

ப்ரெக்கன் கடைத்தெருவில், ரொட்டிக் கடைக்கும்
முன்பு வங்கியாக இருந்த கட்டடத்துக்கும் நடுவே
மாக்சென் ப்ரோசர், கண் பரிசோதகர்.
பலகையில் அவ்வளவுதான்.

மீதி ஏட்டில் இருக்கிறது, ஒரே வரியாக.
முதல்தர ஆட்டம் இரண்டு. ஓட்டம் நான்கு.
வீசியது இருபத்தைந்து ஓவர்,
கொடுத்தது எண்பத்தெட்டு.
விக்கெட் என்ற கட்டத்தில்
கோழிமுட்டை போல ஒரு பூஜ்யம்.

அந்த முட்டையை இட்டவன் நான்.

கார்டிஃப், ஏப்ரல்.
டாஃப் ஆற்றிலிருந்து எழுந்து வந்த குளிரில்
பையிலிருந்து கையை எடுக்கவே
நடுவர்கள் யோசித்தார்கள்.
பல்கலைக்கழகம் கொடுத்த கம்பளிச் சட்டை ஒன்று;
நான் போட்டிருந்தது மூன்று, இரண்டு இரவல்.
பார்வையாளர் பதினேழு பேர், ஒரு நாய்.
நாய் மாக்செனின் அப்பாவுடையது.
பால் லாரி ஓட்டுபவர்,
முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

எதிரே கவுண்டி அணி,
சம்பளம் வாங்கி ஆடுபவர்கள்.

மாக்செனுக்கு இடது கை. மெதுவாக வீசுவான்.
எறும்புக்குச் சர்க்கரை வைப்பதுபோல்
பந்தை வைத்துவிட்டு நிற்பான்.
அவனுடைய ஏழாவது ஓவரில்
ஸ்டம்பை ஒட்டி நின்றிருந்தேன்.
விழுந்து, திரும்பி, மட்டையின் விளிம்பில் ஒரு சத்தம்;
நகத்தால் பீங்கானைத் தட்டினால் கேட்குமே, அது.
சத்தம் கேட்டது.
பந்தைக் காணோம்.
கையுறையில் பட்டுத் தரையில் உருண்ட பிறகுதான்
அது சிவப்பாக இருந்தது.

அப்போது அந்த ஆள் ஒன்பது.
தேநீருக்குப் போகும்போது நூற்று நாற்பத்திரண்டு.
மாக்சென் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
நாய் மட்டும் குரைத்தது.

இரண்டாவது ஆட்டம் மழைக்கு.
ஆறு ஓவர், பிறகு தார்ப்பாய்.
ஜூனில் தேர்வு.
எந்தக் கவுண்டியும் அவனுக்குக் கடிதம் போடவில்லை.
பூஜ்யத்துக்கு யார் தபால்தலை ஒட்டுவார்கள்?

இருபத்திரண்டு வருடம் கழித்து
சாலைப் பலகைகள் மங்கத் தொடங்கி
நேற்று அவன் கதவைத் தள்ளினேன்.
இருட்டறை. தாடையை இங்கே வை என்றான்.
மூச்சில் புதினா.
கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி,
"எது தெளிவு? ஒன்றா, இரண்டா?"
"ஒன்று."
"இப்போது?"
"இரண்டும் ஒரே மாதிரி."
வலது கண்ணை மறைத்தான்.
சுவரில் எழுத்துகள் இருந்த இடத்தில்
ஈரத்துணியில் ஓடிய சாயம்.

அவன் கை அப்படியே நின்றது.
சின்ன விளக்கை என் இடது கண்ணுக்குள் விட்டு
வெகுநேரம் எதையோ தேடினான்.

"இது இப்போது வந்ததில்லை, ரிடியன்.
ஐந்தாறு வயதிலேயே தூங்கிப்போன கண்.
இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான்
பக்கம் எது, தூரம் எது என்று தெரியும்.
யாரும் உனக்குச் சொல்லவில்லையா?"

இல்லை என்றேன்.
அந்த இருட்டில் என்ன முகம் வைத்துக்கொள்வது
என்று தெரியவில்லை; வைக்கவும் தேவையில்லை.
நாற்காலிச் சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது.

"அது திரும்பியது, இல்லையா?"

கண்ணைப் பற்றிய கேள்வி இல்லை.

"ஒரு சாண் திரும்பியது" என்றேன்.
"சத்தம் இன்னும் கேட்கிறது."

விளக்கைப் போட்டான்.
அட்டையில் ஏதோ எழுதினான்,
என்னால் படிக்க முடியவில்லை.
பரிசோதனைக்குக் காசு வேண்டாம் என்றான்.
கண்ணாடிச் சட்டத்துக்கு வாங்கினான்,
முழு விலை.