வில்பெரின் இடக்கை

முதலில் என் முழங்காலைக் கொடுத்தேன்.
நீலம் பூத்து, மஞ்சளாகி, ஆறியது.
அடுத்தது வாளி. அதன் விளிம்பில்
இன்னும் இருக்கிறது இரண்டு விரல் பள்ளம்.
மூன்றாவது உதைக்குத்தான் புத்தி வந்தது.

மக்குசானிக்கு மேலே, மூச்சு பாதியாகிற உயரத்தில்
சும்பிக்கு நகம் வளர்ந்து கோணிவிட்டது.
நறுக்காவிட்டால் நடை கெடும்.
முன்னங்கால்களைத் தருகிறாள், சலித்துக்கொண்டே.
பின்னங்காலில் என் நிழல் பட்டாலே உதை.

"கட்டிப்போடு" என்றான் கொழுந்தன் யூலோஹியோ,
"நாலு காலும் ஒரே கயிற்றில்."
கட்டலாம். போன வருடம் கட்டினோம்.
நகம் குறைந்தது. பயம் வளர்ந்தது.

நரியோ நாயோ, நான் பார்க்கவில்லை.
குட்டியாயிருந்தபோது தொடையில் பல் பதித்துப் போனது
இன்னும் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறது.
பின்னாலிருந்து வருவது எதுவும்
அவளுக்குக் கை அல்ல.

ஆகவே ஒரு கை செய்தேன்.
வில்பெர் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த தோல் கையுறை,
இடக்கை மட்டும்.
வலக்கை என்னாயிற்று என்று அவன் சொன்னதில்லை.
விரல்களுக்குள் சும்பியின் ரோமத்தையே திணித்து
விளக்குமாற்றுக் கழியின் நுனியில் கட்டினேன்.

கற்சுவர் மூலையில் சின்னப் பட்டி.
துணைக்கு அவள் தங்கை, எதிர்ப்புறம் புல் மென்றபடி.
தனியே நிறுத்தினால் பாதி உதை தனிமைக்கு.
நான் அவள் தோளோரம் நின்றேன், கால் எட்டாத இடம்.
கண்ணைப் பார்க்கவில்லை.
கழுத்தைப் பிடிக்கவில்லை.
தாடைக்கடியில் உள்ளங்கையைக் கிண்ணமாக ஏந்தினேன்,
வேண்டுமானால் அவள் அதில் சாய்ந்துகொள்ளட்டும்.

கையுறை முதுகில் நடந்தது. சரி.
இடுப்பில். ம்ம்ம் என்று முனகினாள்.
தொடையில்...
பட்!

எடுக்கக் கூடாது. வித்தை முழுக்க இவ்வளவுதான்.
உதைத்ததும் எடுத்தால்
உதைத்தால் போகும் என்று கற்றுக்கொள்வாள்.
அழுத்தவும் கூடாது. அழுத்தினால் அது பல்.
ஈரப் புல் செருப்பில் ஒட்டியிருக்குமே, அப்படி.
பட். பட். பட்.
பிறகு ஒரு மூச்சு நேரம் கால் மண்ணில்.
அந்த நொடியில் எடு.
கையை எடுப்பதுதான் கூலி.

முதல் நாள் நாற்பத்தொரு உதை.
சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தேன்.
நாலாம் நாள் பதினேழு.
ஐந்தாம் நாள் ஆலங்கட்டி கொட்டியது, கணக்கு ஐம்பதைத் தாண்டியது.
கழியை எறிந்துவிட்டு அழுதேன். சும்பி என்மேல் துப்பினாள்.
ஏழாம் நாள் ஆறு.

ஒன்பதாம் நாள் வில்பெர் வந்தான்,
தோள்பையோடு, மூக்கில் சுரங்கத் தூசியோடு.
கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான்.
"ஒன்பது நாளாக என் கையை உதைக்க விட்டிருக்கிறாய்."
"வீட்டில் இருந்த உன் கை அது ஒன்றுதான்" என்றேன்.
சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக் கழியை வாங்கினான்.
அவனுக்குப் பொறுமை இல்லை. உதைக்கு முன்பே எடுத்தான்.

இரவு, கம்பளிக்கடியில், அவன் முதுகில் கை வைத்தேன்.
பாறை விழுந்ததுபோல் துள்ளி எழுந்தான்.
நான் எடுக்கவில்லை. அழுத்தவுமில்லை.
கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
எத்தனை என்று எண்ணவில்லை.
அவன் மூச்சு மண்ணுக்கு இறங்கியபோது
எடுத்தேன்.
இருட்டில் தேடி
அவனே என் கையைத் திரும்ப வைத்தான்.

காலையில் கழி இல்லாமல், கையுறை இல்லாமல்
சும்பியின் பின்னங்காலைத் தூக்கினேன்.
நடுங்கினாள். தந்தாள்.
ஒரு நகம் நறுக்கினேன்.
அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.
மூன்று பாக்கி.