தெற்குப் பார்த்த கார்கள்

நான் இழுத்துவந்த கார்கள் எல்லாம்
தெற்குப் பார்த்தே நொறுங்கியிருந்தன.
வடக்கே போகையில் ஒருவரும் மோதியதில்லை.
போகும்போது வெறும் தாகம்தானே.

வடக்கே விஸ்கான்சின். பதினெட்டில் பீர் ஊற்றுவார்கள்.
தெற்கே இல்லினாய். இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும்.
நடுவே ஒரு தார்ச்சாலை, இருபுறமும் சோளம்.
கோடு எங்கே என்று சோளத்துக்குத் தெரியாது.
கோட்டைத் தாண்டி நானூறு அடியில் ஹெட்ஸலின் மதுக்கடை.
வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு
அந்த வாசல் முழுக்க இல்லினாய் நம்பர் பிளேட்.
எட்டு மணிக்கே நான் லாரிக்கு டீசல் நிரப்பி,
கொக்கிக்கு எண்ணெய் போட்டு,
ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.
சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது,
என் இரண்டாவது லாரி
அந்த வெள்ளிக்கிழமைகள் வாங்கிக் கொடுத்தது.

எண்பத்திரண்டு, அக்டோபர். முதல் உறைபனி.
டொரீன் காஸ்ப்ஷாக்குக்கு அன்றைக்குத்தான் பதினெட்டு.
மின்கம்பத்தில் மோதிய பச்சை நோவா
சுழன்று, திரும்பி, பிறகு
சரியாகக் கோட்டின்மேல் நின்றுவிட்டது,
யாரோ பார்த்து நிறுத்தியதுபோல.
முன்சக்கரங்கள் இல்லினாயில்,
பின்சக்கரங்கள் விஸ்கான்சினில்.

அவளைக் கொண்டுபோன பிறகு
இரண்டு மாவட்டத்து டெபுடிகள்
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
டேப் பிடித்து அளந்தார்கள்.
இந்தச் சாவு யார் கணக்கு?
இருவர் கணக்கும் அந்த வருஷம் ஏற்கெனவே கனத்திருந்தது.
"ஸ்டியரிங் உங்கள் பக்கம்" என்றான் வடக்குக்காரன்.
"சீட்டு உங்கள் பக்கம்" என்றான் தெற்குக்காரன்.
சங்கிலியை மாட்டிக்கொண்டே நான் நினைத்தேன்:
அப்படியென்றால் இடுப்புவரை மேஜர்,
கைகள் மட்டும் மைனர்.
யாரிடமும் சொல்லவில்லை.
அளந்த டேப்பை என் லாரியிலேயே மறந்துபோனார்கள்.
ஜன்னல் திரைக்கு, அலமாரிக்கு,
இன்றுவரை அதைத்தான் எடுக்கிறேன்.

எண்பத்தாறில் வடக்கேயும் இருபத்தொன்று ஆக்கினார்கள்.
பெட்ரோல் பங்க்கில் ஹெட்ஸல் என்னைப் பிடித்துக்கொண்டான்:
"பதினெட்டில் ஓட்டுப் போடலாம், துப்பாக்கி தூக்கலாம்,
கல்யாணம் கட்டிக்கொண்டு நாசமாய்ப் போகலாம்,
ஒரு கிளாஸ் பீர் மட்டும் விஷமா?"
நியாயமான கேள்வி. இன்னும் எனக்கு விடை தெரியாது.
என்னிடம் இருப்பது ஒரு பேரேடு.
அந்தச் சாலையில்
எண்பத்திரண்டில் நாற்பத்தொரு கார்.
எண்பத்தேழில் ஒன்பது. அதில் இரண்டு, மான் குறுக்கே வந்தது.

குடியை விட்டார்களா? அதெல்லாம் இல்லை.
ஃபோஸ் தன் சோளக்காட்டில்
சாக்கு சாக்காக டின் பொறுக்கினான்.
குடித்தார்கள்; நடந்துபோகிற தூரத்தில் குடித்தார்கள்.
வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் சும்மா இருந்தது.
இரண்டாவது லாரியை வசந்தத்தில் விற்றேன்,
வாங்கியதில் பாதி விலைக்கு.
மனைவி கேட்டாள், ஏன் சிரிக்கிறாய் என்று.

ஒன்று விட்டுப்போச்சு.
மோதலுக்கு ஐந்தாம் நாள், டொரீனின் அம்மா
என் கொட்டகைக்கு வந்தாள், கோட் பட்டனை மாற்றிப் போட்டு.
பின்சீட்டில் ஒரு கேக் டப்பா,
ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தது, சர்க்கரைப்பூ கலையவில்லை.
காரை அவள் சுற்றிப் பார்க்கவில்லை.
யார் பக்கத் தப்பு என்று கேட்கவில்லை.
எந்தச் சட்டத்தையும் திட்டவில்லை.
"எந்தப் பக்கம் பார்த்து நின்றது?" என்றாள்.
"தெற்கே" என்றேன்.
"வீட்டுப் பக்கம்" என்றாள்,
என்னைத் திருத்துவதுபோல,
டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு.